நொண்டுவது மாடு மட்டுமா?

சென்னைத் தெருக்களில் மாடு திரிகிறது என்பது புதுச்செய்தி அல்ல. அதைப் பிடிக்க மாநகராட்சியின் வண்டி வருகிறது என்பதும் புதுச்செய்தி அல்ல. தண்டத்தொகை ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான் அண்மைக்காலச் செய்தி! 2,000 ரூபாயாக இருந்த தண்டம் 2023இல் 5,000 ஆயிற்று. 2024இல் 10,000 ஆயிற்று. போதாது, இன்னும் ஏற்றுக என்பாரும் உளர். ஏற்றியதே கொடுமை என்பாரும் உளர். இரு சாராரும் மாட்டின் கொம்பைப் பார்த்துப் பேசுகிறார்கள். சற்றே குனிந்து அதன் காலையும் பாருங்கள் என்று நாம் வேண்டுகிறோம்.

தண்டம் விதிப்பதே தவறு என்று வாதாட நாம் முன்வரவில்லை. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கி எறிந்த காட்சியை நாடே கண்டு பதறியது. 2024 ஜூனில் வடசென்னைத் திருவொற்றியூரிலேயே ஓர் எருமை, தெருவில் சென்ற பெண்ணைக் கொம்பில் சிக்கவைத்து இழுத்துக்கொண்டு ஓடியது. குழந்தைகளும் பெண்களும் முதியோரும் நடமாடும் தெருவில் மாடு கட்டவிழ்ந்து திரியலாகாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். தெருவை விட்டு விரட்டப்பட்ட மாடு எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிட்டதா? இல்லை. ராயபுரத்துச் சந்திலும், காசிமேட்டு வீட்டுப் பின்புறத்திலும், திருவொற்றியூரில் இரு வீடுகளுக்கு இடையேயுள்ள முடுக்கிலும், எண்ணூர்க் குடியிருப்பின் ஓரத்துத் தகரக் கொட்டிலிலும் கட்டிக் கிடக்கிறது. தெருவில் திரிந்தபோது பகலெல்லாம் நடந்தது. மாலையில் கிடைத்த உலர்ந்த இடத்தில் படுத்தது. இப்போதோ இரவும் பகலும் ஒரே இடம். அந்த இடம் சிமெண்டுத் தரை. அதன்மீது சாணம், அதன்மீது மூத்திரம், அதன்மீது கழுவிவிட்ட தண்ணீர். வழிந்தோடச் சாய்வு இல்லை. காய்ந்துபோக வெயில் இல்லை. மாட்டுக்குத் தெருவில் இருந்த தொல்லை ஒன்று தீர்ந்தது. கொட்டிலில் வேறொன்று பிறந்தது. அதன் பெயர் கால் நோய்.

பல்லைப் பார்த்து மாடு வாங்குவது நம் வழக்கம். மடியைப் பார்த்து விலை பேசுவது நம் வழக்கம். குளம்பைப் பார்ப்பார் எத்தனை பேர்? ஐந்நூறு கிலோ எடையை எட்டுச் சிறு குளம்புத் துண்டுகளின்மீது தாங்கி நிற்கிறது ஒரு கலப்பினப் பசு. அக்குளம்பின் அடித்தோல் கெட்டியானதுதான். ஆனால் அதன் கனம் அரை அங்குலம்கூட இல்லை. நாளெல்லாம் ஈரத்தில் ஊறினால், சோற்றுக் கஞ்சியில் ஊறிய அப்பளம்போல் அது மென்மையாகிவிடும். பிறகு ஒரு கருங்கல் சில்லு போதும். ஓர் ஆணி போதும். ஒரு துண்டுக் கம்பி போதும். லாரியும் கண்டெய்னரும் பட்டறையும் நிறைந்த வடசென்னையில் ஆணிக்கும் கம்பிக்கும் என்ன பஞ்சம்?

கால் நோய் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒன்றல்ல, பல. ஒன்றுக்கு உரிய மருத்துவம் மற்றொன்றுக்கு உதவாது. ஆகவே பிரித்தறிவது முதற்கடமை.

முதலாவது, குளம்பிடுக்கு அழுகல். இரு குளம்புகளுக்கும் இடையேயுள்ள தோல் ஈரத்தில் ஊறி வெடிக்கும். சாணத்திலேயே குடியிருக்கும் ஃபியூசோபாக்டீரியம் போன்ற கிருமிகள் அந்த வெடிப்பின் வழியே உள்ளே நுழையும். நேற்று ஒழுங்காக நடந்த மாடு இன்று காலை ஊன்ற மறுக்கும். குளம்புக்கு மேலே இருபுறமும் ஒரே சீராக வீங்கும், காய்ச்சல் காணும், கெட்ட நாற்றம் வீசும், பால் திடுமெனக் குறையும்.

இரண்டாவது, குதிகால் பக்கம் தோன்றும் தொற்றுப் புண். சிவந்து, ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் மேல்தோலைப் போல் மணிமணியாக இருக்கும். தொட்டால் மாடு துடிக்கும். 1974இல் இத்தாலி நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், நெருக்கமாக மாடு கட்டும் நாடுகள் பலவற்றுக்கும் பரவிவிட்டது. வசதிமிக்க நாடுகளின் பெரும்பண்ணைகளும் இதற்குத் தப்பவில்லை.

மூன்றாவது, அடிக்குளம்புப் புண். இது கிருமியால் தொடங்குவதன்று. கடினமான தரையில் நெடுநேரம் நிற்பதாலும், வளர்ந்த குளம்பைச் சீவாமல் விடுவதாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே எலும்பு அழுத்தி, அடித்தோல் குழிந்து புண்ணாகிறது. பெரும்பாலும் பின்கால்களின் வெளிக்குளம்பில் வரும். பசுவின் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் வளரும். நடந்து தேயவேண்டியது நடக்காமல் நின்றால் தேயுமா? நமது நகத்தை வெட்டாமல் ஓராண்டு விட்டால் நம்மால் செருப்புப் போட முடியுமா?

நான்காவது, தீனியால் வருவது. கல்யாண மண்டபத்துச் சோறும், ஓட்டல் மீதியும், புளித்த மாவும் மலிவாகக் கிடைக்கிறது என்று அள்ளிக் கொட்டினால் மாட்டின் இரைப்பையில் அமிலம் மிகும். அமிலம் மிகுந்தால் குளம்புக்குள் இரத்த ஓட்டம் கெட்டு உள்சதை வீங்கும், குளம்பு உருக்குலையும். தீனிக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். வைக்கோலும் பசுந்தீவனமும் குறைந்து சோறு மிகும் கொட்டிலில், வயிற்றின் கோளாறு காலில் வெளிப்படுகிறது.

இவையன்றிக் கோமாரியும் உண்டு. அது வைரஸ் நோய். காலோடு வாயிலும் புண் தோன்றும், எச்சில் ஒழுகும், ஒன்றுக்கு வந்தால் பக்கத்துக் கொட்டிலுக்கும் தாவும். வாயில் புண் கண்டவுடன் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். மாட்டை வேறிடம் ஓட்டலாகாது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். முதல் மருத்துவம் மருந்தன்று. காலைத் தூக்கிப் பார்ப்பது. கழுவி, துடைத்து, குளம்பிடுக்கில் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று பார்த்து, அதன்பின் முடிவு செய்யவேண்டும். குளம்பிடுக்கு அழுகலுக்கு மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் ஊசி, தொடக்கத்திலேயே போட்டால் சில நாட்களில் குணம் காட்டும். மூன்று நாளாகியும் குறையவில்லை என்றால் மீண்டும் காலைத் தூக்கிப் பார்க்கவேண்டும். சீழ் மூட்டுக்குள் இறங்கியிருக்கக் கூடும். தோல்மேல் வரும் தொற்றுப் புண்ணுக்கு, சுத்தம் செய்து மேலே மருந்திட்டால் போதும். அடிக்குளம்புப் புண்ணுக்கோ ஊசியால் பயனில்லை. செத்த தோலைச் சீவி, அதே காலின் நல்ல குளம்புக்கு அடியில் மரக்கட்டை ஒட்டிப் புண்பட்ட பக்கத்துக்கு ஓய்வு தரவேண்டும். மேலோட்டமான கால் புண்களுக்கு, குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சிப் பூசும் நம் நாட்டு முறையைக் கால்நடை மருத்துவ அறிஞர்களே பரப்பி வருகின்றனர். நல்லதுதான். ஆனால் ஆழத்தில் சீழ் பிடித்த காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு நாள் கடத்துவது மருத்துவமாகாது.

நடப்பது என்ன? பால்காரர் காலை நான்கு மணிக்குக் கறக்கிறார். ஐந்து மணிக்கு டீக்கடைக்கு ஊற்றுகிறார். பிறகு சாணம் வாரவேண்டும், தீனி தேடவேண்டும். நான்கு பேர் பிடித்தாலன்றித் தூக்க முடியாத காலை அவர் ஒருவர் எப்படித் தூக்கிப் பார்ப்பார்? மருந்துக்கடைக்குப் போகிறார், கேட்டதைக் கொடுக்கிறார்கள், கொடுத்ததைப் போடுகிறார். எந்த நோய் என்றே தெரியாமல் விழுகிறது ஊசி!

இதில் இரண்டு தீங்கு. ஒன்று பாலில் வருகிறது. ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்துக்கு ஏற்பக் குறித்த நாட்கள்வரை விற்கலாகாது என்பது விதி. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 77இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. குறைந்த எண்ணிக்கைதான். ஆயினும் அந்தப் பால் யார் வீட்டுக் குழந்தையின் தம்ளரில் போயிற்று? பால்காரரைக் குறை கூறுவது எளிது. மூன்று நாள் பாலைக் கீழே கொட்டிவிடு என்று, அந்தப் பாலை நம்பியே அரிசி வாங்குபவரிடம் சொல்வது எளிதா? அந்த இழப்பை ஈடுகட்ட ஏற்பாடு இல்லாதவரை விதி ஏட்டில்தான் இருக்கும்.

இரண்டாவது தீங்கு வானத்தில் நேர்ந்தது. வலி தீர மாட்டுக்குப் போட்ட டைக்குளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகினத்தை - பிணந்தின்னிக் கழுகுகளை - ஏறக்குறைய அழித்தே விட்டது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த நாடு முழுவதும் தடை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகியவற்றுக்கும் தடை வந்தது. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. நொண்டும் மாட்டுக்கு ஒரு தவறான ஊசி போட்டால் வானத்துப் பறவைக்கும் ஆபத்து என்றால், இது ஒரு பால்காரரின் வீட்டு விவகாரம் மட்டுமா?

அரசின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்போம். கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் ஒழிக்க ஒன்றிய அரசு 2019இல் 13,343 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. கோமாரித் தடுப்பூசி விலையின்றிப் போடப்படுகிறது. வரவேற்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாக்கியபோது, இறந்துபோன பசு ஒன்றுக்குத் தரும் நிவாரணத்தை மாநில அரசு 30,000 ரூபாயிலிருந்து 37,500 ஆக உயர்த்தியது. அதையும் வரவேற்கிறோம். மாடு தெருவுக்கு வந்தால் 10,000 தண்டம். அதுவும் சட்டம் என்று ஏற்கிறோம். வைரஸ் வந்தால் ஊசி உண்டு. செத்தால் பணம் உண்டு. தெருவுக்கு வந்தால் தண்டம் உண்டு. சாகாமல், தெருவுக்கும் வராமல், ஈரத்தில் நின்று கால் அழுகும் மாட்டுக்கு என்ன உண்டு? அந்தப் பக்கம் வெற்றுத்தாளாக இருக்கிறது!

"நகரத்தில் மாடு எதற்கு? ஊருக்கு வெளியே ஓட்டிவிட்டால் போகிறது" என்று கூறுவர் சிலர். இந்த யோசனையும் புதிதன்று. பம்பாயில் 1949இல் ஆரே பால் குடியிருப்பு அப்படித்தான் எழுந்தது. நகரத்து எருமைகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. நமது மாதவரத்துக்கும் பால்பண்ணை என்ற பெயர் நிலைத்தது. பெயர் நிலைத்தது, நகரம் விடவில்லை. வெளியே இருந்த ஊர்களையெல்லாம் நகரம் விழுங்கிவிட்டது. இன்று எந்த வெளிக்கு ஓட்டுவது? வடக்கே போகலாம் என்றால் துறைமுகமும் அனல்மின் நிலையமும் சாம்பல் ஏரியும் கண்டெய்னர் முற்றமும். கொசத்தலை ஆற்றின் கழிவெளியில் மேய்ச்சலுக்கு இருந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் பெரியவர்கள். மாடு தெருவுக்கு வந்ததற்குத் தண்டம் கட்டுபவர்கள் சிறியவர்கள்.

அந்தப் புயலின்போது வடசென்னை கண்டதை மறக்கமுடியுமா? மணலி எண்ணெய் ஆலையிலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவர் வலையும் படகும் கருத்தன. கூழைக்கடாக்களின் இறகும் கருத்தது. மனிதருக்கே நிற்க உலர்ந்த இடமில்லாத அந்நாட்களில் மாடு எங்கே நின்றிருக்கும்? சேற்றுத் தண்ணீரில் நாட்கணக்கில் நின்ற குளம்பின் கதி என்ன என்பதை மேலே சொன்னதைக் கொண்டே வாசகர் அறியலாம். வெள்ளம் வடிந்தபின் மனிதருக்கு மருத்துவ முகாம் நடத்துகிறோம். மாட்டின் காலைத் தூக்கிப் பார்க்க ஒரு முகாம் நடத்தினால் என்ன?

மருத்துவ அறிவுக்கு நாட்டில் பஞ்சமா என்றால், அதுவுமில்லை. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, ராயபுரத்துக்குக் கூப்பிடு தொலைவில் நிற்கிறது. 1989இல் தோன்றிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், திருவொற்றியூருக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் நிற்கிறது. 2024இல் 245 நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை மாநில அரசு ஓடவிட்டது. 1962 என்ற எண்ணும் இருக்கிறது. அறிவு இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஊர்தி இருக்கிறது. ஆனால் நொண்டுகிற மாட்டை வேப்பேரிவரை நடத்திச் செல்ல முடியாது. வண்டி வைத்து ஏற்றிச் செல்லப் பால்காரரிடம் பணமில்லை. மாடு மருத்துவமனைக்குப் போக முடியாத இடத்தில், மருத்துவமனை மாட்டிடம் வரவேண்டும்.

மண்டலந்தோறும் மாட்டுக் கொட்டில் கட்டுவதாகச் சென்னை மாநகராட்சி அறிவித்திருக்கிறது. நல்ல திட்டம், தாமதமான திட்டம். இதைத்தான் நாம் பொறுப்போடு நோக்கவேண்டும். ஏனெனில், இருபது வீடுகளின் பின்புறத்தில் சிதறிக் கிடந்த ஈரத்தை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து சேர்த்தால், இருபது இடத்து நோயும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். எத்தனை மாடு அடைத்தோம் என்று கணக்குக் காட்டுவது வெற்றியாகாது. அடைத்த மாடு ஓராண்டு கழித்து எப்படி நடக்கிறது என்பதே கணக்கு.

ஆகவே நாம் சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதற்கோரிக்கை தரை. கழுவிய நீர் நிற்காமல் ஓடச் சாய்வு வேண்டும். வழுக்காமல் இருக்கக் கோடு கிழித்த தளம் வேண்டும். படுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்போ மணலோ வேண்டும். பசு ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் படுக்க விரும்பும் உயிர். படுக்க இடம் ஈரமாக இருந்தால் அது நின்றே தீர்க்கும். நின்றால் கால் கெடும். பசு ஒன்றுக்குக் கூரையடியில் மூன்றரைச் சதுர மீட்டரும், திறந்தவெளியில் ஏழு சதுர மீட்டரும் வேண்டும் என்று நமது பாடநூல்களே கூறுகின்றன. அந்தத் திறந்தவெளியை வெட்டிவிட்டு எண்ணிக்கையைப் பெருக்கினால், அது கொட்டிலன்று, பட்டி.

இரண்டாவது, காலை நனைக்கும் தொட்டி. நூறு லிட்டர் நீருக்கு ஐந்து கிலோ மயில்துத்தம். மருத்துவர் குறிக்கும் நாட்களில் கறந்தபின் அதன் வழியே மாட்டை நடத்தவேண்டும். காலைக் கழுவியபின் நடத்தவேண்டும். சாணத்தோடு இறங்கினால் மருந்து செத்துவிடும். மாடு அதைக் குடித்துவிடாமல் காவல் வேண்டும். பயன்படுத்திய நீரைக் கால்வாயில் திறந்துவிடவும் கூடாது.

மூன்றாவது, குளம்பு சீவத் தெரிந்த ஆள். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் அது ஒரு தனித்தொழில். நம்மூரில் ஏர்மாட்டுக்கும் வண்டிமாட்டுக்கும் லாடம் அடித்தவர்கள் அத்தொழிலை அறிந்திருந்தார்கள்; வண்டிமாடு மறைந்தது, தொழிலும் மறைந்தது. வடசென்னை இளைஞர் சிலருக்குப் பல்கலைக்கழகம் பயிற்சி தந்தால், ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு மாட்டின் குளம்பையும் சீவலாம். மாட்டை நிறுத்திக் காலைத் தூக்கிக் கட்டும் இரும்புச் சட்டம் மண்டலத்துக்கு ஒன்று போதும்.

நான்காவது, வாரத்தில் ஒரு நாள் மருத்துவர் வருகை. கொட்டிலுக்கு மட்டுமன்று, வீட்டில் மாடு கட்டுவோர் தெருவுக்கும். ஊசி போடும் நாளில் பால் விற்காத இழப்புக்கு ஒரு சிறு ஈடும் வேண்டும். பணம் எங்கே என்று கேட்பார்கள். தண்டமாக வசூலித்த பணம் எங்கே என்று நாம் திருப்பிக் கேட்போம்! மாட்டின் பெயரால் வந்த பணம் மாட்டின் காலுக்குப் போகட்டும்.

பால்காரத் தோழர்களுக்கும் ஒரு சொல். நொண்டத் தொடங்குவதற்கு முன்பே மாடு சொல்லிவிடும். நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு நடக்கும்போது வளைந்தால், தலை ஒவ்வோர் அடிக்கும் தாழ்ந்து எழுந்தால், அன்றே காலைப் பாருங்கள். அன்று பார்த்தால் நோய் சிறிது, செலவு சிறிது. பால் வற்றிப்போய், அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் நாள்வரை காத்திருந்தால் இழப்பு உங்களுக்கு. வேதனை வாயில்லாத உயிருக்கு.

தண்டம் என்ற ஒரே காலை ஊன்றிக்கொண்டு, மருத்துவம் என்ற மறுகாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது நகரத்தின் மாட்டுக் கொள்கை. அதுவும் நொண்டுகிறது. மண்டலக் கொட்டில்கள் எழும் நேரத்திலேயே அதன் மறுகாலையும் தரையில் ஊன்றச் செய்யவேண்டும். ஊன்றும் தரை உலர்ந்ததாக இருக்கவேண்டும்.